எதிரொலி

செய்திக்கு நூற்றைம்பது,
படத்தோடு என்றால் இருநூறு,
வீடியோவுக்கு ஓட்டத்தைப் பொறுத்து.
பாலக்கோடு தாலுகா முழுக்க என் பாடு.
தக்காளி விலை, சர்க்கரை ஆலை,
மாரண்டஅள்ளிப் பக்கம் யானை இறங்கினால் அதுவும்.

அன்றைக்கு யானை இறங்கவில்லை.
அதனால் எர்ரம்பாறைக் கொட்டாய்க்குப் போனேன்.

நாற்பத்தேழு வீடு. ஒரே ஒரு போர், எழுநூறு அடி.
தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற தீர்த்தகிரிக்கு
வயது நாற்பத்தொன்று.
முழங்கால் மடங்காது. கழுத்து திரும்பாது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
பீரோவை நகர்த்துவதுபோல்
மொத்த உடம்பையும் திருப்புவார்.
"ஆத்துத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வரும் சார்.
மத்த நாளெல்லாம் பூமித் தண்ணிதான்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்கவைத்தார்கள்.
பல்லுக்குப் பல் செம்மண் கோடு,
மேலே ஒட்டியதல்ல, உள்ளேயிருந்து ஊறியது.
நான்தான் சொன்னேன், சிரிங்க என்று.
எட்டாம் வகுப்பு கோகிலவாணி
வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
"கைய எடும்மா, ஒரே ஒரு தடவ."
எடுத்தாள்.
இரண்டு நொடி.

ராத்திரி பன்னிரண்டு வரை எழுதினேன்.
ஃப்ளோரைடு எவ்வளவு,
குழாய் எந்த ஓடையில் உடைந்து கிடக்கிறது,
டெண்டர் விட்டது எந்த வருஷம்,
தீர்த்தகிரியின் முழங்கால்.
சேலத்து டெஸ்க்கில் படித்தவர் கேட்டார்:
"நீளமா இருக்கே. அந்தப் பொண்ணு க்ளோசப் இருக்குல்ல?"

காலையில் நாற்பது நொடியாக வந்தது.
பின்னால் வயலின் அழுதது.
மஞ்சள் எழுத்தில், 'சிரிக்க மறந்த கிராமம்'.
தண்ணீர் என்ற சொல்
முப்பத்தெட்டாவது நொடியில்.
அதுவரை எந்த விரல் பொறுக்கும்?

மதியத்துக்குள் மூன்று லட்சம் பேர்.
மூன்று லட்சமும் பல் டாக்டர்.
தினம் ரெண்டு வேளை துலக்கச் சொல்லுங்க.
இந்த வயசுலேயே பாக்கு போடுதுங்க, பெத்தவங்கள உதைக்கணும்.
கரித்தூள். கிராம்பு. எலுமிச்சைத் தோல்.
கனடாவிலிருந்து ஒருவர்
ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எழுதி
கும்பிடும் கை மூன்று போட்டிருந்தார்.
யாரோ அந்த இரண்டு நொடியை மட்டும் நறுக்கி
கழுதைக் கனைப்பு சேர்த்து விட்டான்.
எல்லாவற்றையும் விட அது ஓடியது.

பத்தாம் நாள் ஓசூரிலிருந்து ஒரு வேன்.
பேனர், பலூன், கோட் போட்ட மேனேஜர்.
தலைக்கு ஒரு பிரஷ், ஒரு பற்பசை.
மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று
பிளாஸ்டிக் தாடை ஒன்றை வைத்து
அரைமணி நேரம் பாடம்.
கொட்டாய் முழுக்கப் புதினா மணந்தது.
நுரை வழியப் பிள்ளைகள் வரிசையில் நின்று
கொப்பளித்துத் துப்பினார்கள்
தீர்த்தகிரி ஏற்றிவைத்த தண்ணீரில்.
அதையும் எடுத்தேன்.
'நமது செய்தி எதிரொலி' என்று
என் பெயரோடு போட்டார்கள்.

ஆடி கழிந்து அந்தப் பக்கம் போனபோது
கோகிலவாணி கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைக் கட்டியிருந்தாள்.
"சார், அத அழிக்க முடியுமா?"
என்னுடையதை அழித்துவிட்டேன் என்றேன்.
கழுதையைப் பற்றி நானும் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

தொட்டியடியில் தீர்த்தகிரி
மொத்தமாகத் திரும்பிச் சிரித்தார்.
"எங்க மேலதான் சார் தப்பு.
ஒழுங்கா துலக்கியிருந்தா இப்படி வந்திருக்காதாம்.
போன்ல எல்லாரும் அதத்தான சொல்றாங்க.
இப்ப நானும் ரெண்டு வேளை."

அப்போது பேசியிருக்கவேண்டும்.
ஃப்ளோரைடு, ஓடை, டெண்டர்,
எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.
"வெயில்ல வந்திருக்கீங்க" என்று
சொம்பை நீட்டினார்.
என் பையில் இருபது ரூபாய் பாட்டில்
பாதிக்கு மேல் இருந்தது.

வாங்கிக் குடித்தேன்.
குளிர்ச்சியாக இருந்தது, கொஞ்சம் இனிப்புகூட.
நிறமில்லை, மணமில்லை.
எந்தக் கோணத்தில் வைத்தாலும்
படத்தில் விழாது.